உட்கார்ந்து பாடச் சொன்னவன்

நாற்காலி விற்கிறவனுக்கு உட்கார அனுமதி கிடையாது. வாங்க வருகிறவர்களுக்கு இது தெரியாது. மெயின் ரோட்டில் கண்ணாடி முகப்போடு நிற்கிறதே அந்தப் பெரிய ஃபர்னிச்சர் கடை, அதன் எல்லா மாடியிலும் சோபாவும் நாற்காலியும் கட்டிலும்தான். ஆனால் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்குகிறவரை அங்கே வேலை பார்க்கிற ஒருத்தனும் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இருந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மெத்தை அமுங்கிப் பழைய சரக்கு மாதிரித் தெரியுமாம். மேனேஜர் சொல்வார். மேனேஜர் இதை உட்கார்ந்துகொண்டேதான் சொல்வார்.

அந்தக் கடையில் போய்த் தேக்கு எங்கே என்று கேட்டால் மரத்தைக் காட்ட மாட்டார்கள், ஆளைக் காட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒருவர் ஒரு மேஜையைத் தட்டிப் பார்த்து இது தேக்கா என்று கேட்டார். இவன் வெள்ளந்தியாக, இல்லைங்க, மரத்தூளை அமுக்கி மேலே தேக்குப் படம் ஒட்டியிருக்கு என்று சொல்லிவிட்டான். வந்தவர் வந்த வழியே போனார். அன்றைக்கு இவன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அன்று ஒட்டிய பெயர்தான் தேக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்குகிற அட்டையில் மட்டும் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

படிப்பு மண்டையில் ஏறவில்லை. இந்தக் கடைக்கு வருவதற்கு வெகுநாள் முன்னால், மீசை அரும்புவதற்கு முன்பே, வாடகை நாற்காலி ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போய்விட்டான். கல்யாணமோ கூட்டமோ கச்சேரியோ, எது நடந்தாலும் முதலில் போய் நாற்காலியை விரிப்பதும், எல்லோரும் கிளம்பியபின் மடக்கி அடுக்குவதும் இவன் வேலை. நடுவில் நடக்கிற கூத்து எதுவும் இவனுக்குக் கிடையாது. சுவரோரம் நின்று பார்ப்பான். அப்படி நின்று பார்த்த ஒரு கச்சேரியில்தான் அவளைக் கண்டான்.

முழுதாக ஒரு பாட்டுகூட அவளுக்குக் கொடுக்கவில்லை. பெரிய பாடகிக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடினாள். கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. வேன் வரவில்லை. குழுவில் இருந்த மற்றவர்கள் மேடைப் படியில் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். இவள் மட்டும் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவன் அடுக்கி வைத்த நாற்காலியிலிருந்து ஒன்றை உருவி, சட்டைக் கையாலேயே துடைத்து, அவளுக்குப் பக்கத்தில் போட்டான். பரவாயில்லை, நின்றே பழக்கம் என்றாள். இவன் விடவில்லை. கடைசியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின்தான் அவள் முகத்தில் எவ்வளவு அலுப்பு இருந்தது என்று தெரிந்தது. அதைப் பார்த்தவனுக்கு ஏதோ செய்தது. மற்றவர்கள் பெண்டாட்டிக்கு நகை போட வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். இவன் கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டது ஒன்றுதான். இந்தப் பெண்ணை ஒரு நல்ல நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் பாடினாள். ஆனால் அவள் பாடினது ஊரில் யாருக்கும் தெரியாது. அவள் வேலை அப்படி. சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும் முதலில் யாரையாவது வைத்து ஒரு தடவை பாடிப் பதிவு செய்வார்கள். அதற்கு ட்ராக் என்று பேர். பெயர் பெற்ற பாடகி ஓய்வாக ஒருநாள் வந்து, அந்த ட்ராக்கைக் காதில் கேட்டுக்கொண்டே, அதன்மேல் தன் குரலில் பாடிவிட்டுப் போவார். பிறகு ட்ராக் குரலை அழித்துவிடுவார்கள். அழிப்பதற்கென்றே பாடுகிற வேலை. தெருவில், பஸ்ஸில், கடையில் எங்கேயாவது ஒரு பாட்டு ஓடினால் தேக்கு அவளைத் திரும்பிப் பார்ப்பான். அவள் தலையை மெல்ல ஆட்டினால் அந்தப் பாட்டை முதலில் பாடினவள் அவள் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த புகழ்.

அதிலும் ஸ்டூடியோவில் அவளுக்கு உட்கார இடம் இருக்காது. கூப்பிடுகிறவரை நடைபாதையில் நிற்க வேண்டும். கூப்பிட்டதும் உள்ளே போய் மைக் முன்னால் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் கணுக்கால் உப்பியிருக்கும். இவனுக்கும் அதே கால்தான். இரண்டு பேரும் வெந்நீர் வாளியில் எதிரெதிரே காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது, எங்க வீட்டுல கால் கழுவுற போட்டி நடக்குது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த மகள் படித்து முடித்து வேலைக்கென்று வெளியூர் போனாள். அவள் இருந்த சின்ன ரூம் காலியானது. அந்தச் சமயத்தில்தான் அந்தப் போன் வந்தது.

கூப்பிட்டது ஒரு இளவயது இசையமைப்பாளர். அவருக்கு அவள் பல ட்ராக் பாடியிருக்கிறாள். நல்ல மனுஷன், அக்கா என்றுதான் கூப்பிடுவார். புதுப்படத்தில் ஒரு பாட்டு இருக்கிறதாம். பஸ் நிலையத்தில் மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாயின் பாட்டு. மினுமினுப்பான குரல் எல்லாம் அதற்குச் சரிப்படாதாம். அக்கா, உங்க குரல்தான், அழிக்க மாட்டேன், படத்துல உங்க பேர் வரும் என்றார். இப்போது யாரும் ஸ்டூடியோவுக்கு வருவதில்லை, அவரவர் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள், வீட்டில் சத்தமில்லாத ஒரு ஓரம் இருந்தால் போதும் என்று சொல்லி, பாட்டை எழுதிய தாளையும் மெட்டையும் அனுப்பி வைத்தார். படப்பிடிப்புக்குள் பாட்டு கைக்கு வர வேண்டும், அது ஒன்றுதான் கண்டிஷன்.

அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். இவனுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

ஒரு ஓரம் போதும் என்று அந்த மனுஷன் சொன்னார். இவன் காதில் அது விழவே இல்லை. இத்தனை வருஷம் ஊரான் வீட்டுக்கெல்லாம் மேஜை நாற்காலி பார்த்துக் கொடுத்தவன், தன் வீட்டுக்கு ஒன்று பார்க்க வேளை வந்துவிட்டது. அந்தச் சின்ன ரூமை ஸ்டூடியோ ஆக்குவது என்று முடிவு செய்தான். மைக், ஹெட்போன், பதிவு செய்கிற பெட்டி எல்லாவற்றையும் மைத்துனன் பொறுப்பில் விட்டான். அவன் வேன் வைத்து மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், அந்தச் சாமான் எங்கே நன்றாக இருக்கும் என்று தெரியும். மேஜை நாற்காலி விஷயத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

முதலில் நாற்காலியைத்தான் தேர்ந்தெடுத்தான். முதலாளிமார் உட்காருகிற நாற்காலி. முதுகு உயரம், தலைக்குத் தனி மெத்தை, இரண்டு பக்கமும் கை. உட்கார்ந்தால் ஆளை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். கடையில் எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வதை இவன் நின்றுகொண்டு பார்த்திருக்கிறான். அந்த நாற்காலிக்குப் பொருத்தமாக ஒரு மேஜை. கண்ணாடித் தளம் போட்டது, ஸ்பீக்கர் வைக்க இரண்டு பக்கமும் மேடை, கீழே இழுத்தால் கீபோர்டு வைக்கிற பலகை. வருகிறவர்கள் உட்கார இரண்டு பேர் சோபா ஒன்று. யார் வரப்போகிறார்கள் என்று இவனுக்கும் தெரியாது. ஸ்டூடியோ என்றால் சோபா வேண்டாமா?

கடையில் சாமான் எல்லாம் சின்னதாகத் தெரியும். கூரை உயரம், தரை அகலம், அதனால். வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் அதன் நிஜ சைஸ் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் இவனே இதைச் சொல்வான், ரூமை அளந்துகொண்டு வாருங்கள், கண்ணை நம்பாதீர்கள் என்று. தனக்கென்று வந்தபோது இவனும் அளந்தான். சுவருக்குச் சுவர் சரியாகத்தான் அளந்தான். கதவு உள்பக்கம் திறக்கும் என்பதை மறந்துவிட்டான்.

சாமான் வந்து இறங்கியது. மைத்துனனும் இவனும் பாகம் பாகமாக உள்ளே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். பொருத்தி முடித்தபின் கதவு பாதிதான் திறந்தது. மேஜை முட்டியது. உள்ளே போகிறவர் பக்கவாட்டில் நுழைந்து, சோபாவில் முழங்காலை இடித்து, நாற்காலியைச் சுழற்றி அதில் விழ வேண்டும். வேறு எங்கேயும் கால் வைக்க இடமில்லை.

மைத்துனன் வாசலில் நின்று பார்த்தான். "மாமா, இது ஸ்டூடியோவா, மந்திரி ஆபீஸா? மனு குடுக்க நான் எங்க நிக்கணும்?"

"நீ ஏன்டா நிக்கணும், அதுக்குத்தான் சோபா போட்டிருக்கு."

"சோபாவுக்குப் போக விசா வேணும் போலிருக்கே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, நான் நின்றுதானே பாடுவேன் என்று மெதுவாகச் சொன்னாள். இவன் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நின்னதெல்லாம் போதும். அடுத்தவன் ஸ்டூடியோவுல நின்ன. இது உன் ஸ்டூடியோ. ராணி மாதிரி உக்காந்து பாடு."

சொல்லிவிட்டு அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அவள் அந்த மெத்தைக்குள் அமிழ்ந்து போனாள். கால் தரையைச் சரியாகத் தொடவில்லை. இவன் குனிந்து ஏதோ ஒரு பிடியைத் திருகி உயரத்தைக் குறைத்தான். மைக் மாட்டுகிற இரும்புக் கையை மேஜை விளிம்பில் கவ்வ வைத்து, அவள் உட்கார்ந்திருக்கும்போது வாய்க்கு நேராக வருகிற மாதிரி முடுக்கினான். அசையாத அளவுக்கு முடுக்கினான். பிறகு எட்டிப்போய் வாசலில் நின்று பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இவனுக்கு விடுமுறை வந்த அன்று மைத்துனனும் வந்து பெட்டியை இயக்கினான். அவள் பாடினாள். பாட்டு கீழே தவழ்ந்து போகிறவரை நன்றாக வந்தது. நடுவில் ஒரு இடம், தாய் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி மெட்டு ஒரே எட்டில் மேலே ஏறும். பாட்டின் உயிரே அங்கேதான். அந்த இடத்தில் குரல் கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது. திரும்பத் திரும்பப் பாடி, இருப்பதில் தேவலை என்று ஒன்றை அனுப்பினார்கள். இசையமைப்பாளர் கேட்டுவிட்டுப் பதமாகத்தான் சொன்னார், அக்கா, மேல் இடம் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, இன்னொரு தடவை பாருங்க, அப்புறம் சத்தம் ஏதோ டப்பாவுக்குள்ள பாடின மாதிரி கேக்குது என்று.

டப்பா என்ற சொல்லை மைத்துனன் பிடித்துக்கொண்டான். கண்ணாடித் தளம்தான் காரணம், குரல் அதில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் வருகிறது என்றான். அது பொய்யும் இல்லை. இவன் உடனே கண்ணாடி மேஜையைக் கழற்றிக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போய், மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாக மாற்றி, முழு மரத்தில் ஒன்று கொண்டுவந்தான். மேலே தட்டடுக்கு வைத்தது. மேஜை இன்னும் பெரிதாயிற்று. மறுபடி அதே இரும்புக் கை, அதே முடுக்கு, அதே நாற்காலி.

டப்பா சத்தம் குறைந்தது. மேல் இடம் வரவில்லை. இசையமைப்பாளர் இந்தத் தடவை, உங்களால முடியும்க்கா, நான் உங்களை ஸ்டூடியோவுல கேட்டிருக்கேனே, அது மாதிரி வேணும் என்றார். படப்பிடிப்பு நெருங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இவன் மூன்றாவதாக ஒரு மேஜை கொண்டுவந்தான். மூலைக்கு வளைந்து போகிற மேஜை. சுவரைப் பார்த்துப் போட்டால் சரியாக வரும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். அதன்மேல் கம்பளி விரித்தான். சோபாவைச் சுவரோடு ஒட்டினான். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டான். அந்த ரூமில் மாற்றாதது நாற்காலி ஒன்றைத்தான். அதை மாற்ற வேண்டும் என்று அவன் புத்திக்குப் படவே இல்லை. நோகாமல் உட்கார வைத்திருக்கிற நாற்காலி எப்படிக் கெடுதல் செய்யும்? கழுத்து வலிக்கிறது என்று அவள் ஒருநாள் சொன்னபோதுகூட, தலைக்கு இன்னொரு திண்டு வைத்தான்.

அடுத்த விடுமுறை நாள் முழுக்கப் பாடினாள். வெளியே வெயில் காய்ந்தது. திரை போட்ட ரூமுக்குள் மூன்று பேருக்கும் வேர்த்து வழிந்தது. மேல் இடம் வருவதற்கு முன்பே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். நாற்காலியின் கையை விரலால் பிறாண்டினாள். ஒவ்வொரு தடவையும் குரல் அங்கே போய் உடைந்தது. மைத்துனன், அக்கா, தண்ணி குடிச்சிட்டு வா என்று எழுந்து போனான். இவன் பொறுமை அங்கே தீர்ந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. கையில் இருந்த வித்தையெல்லாம் காலியான ஒருத்தன் பேசுகிற பேச்சு அது.

"மூணு மேஜை மாத்தியாச்சு. இனிமே மாத்த என்ன இருக்கு, சொல்லு? வயசாகுதுல்ல, குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை ஒத்துக்கயேன்."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். பிறகு பக்கவாட்டில் நுழைந்து வெளியே போய் அரிசி களைந்தாள்.

இருந்ததில் ஒன்றை அனுப்பினார்கள். பதில் வரவில்லை. பிறகு ஒருநாள் இசையமைப்பாளரே கூப்பிட்டார். தயாரிப்பாளர் அவசரப்படுத்திவிட்டாராம், வேறு ஒருவரைப் பாட வைத்துவிட்டார்களாம். அந்தப் பாடகி உங்கள் பதிவைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார், நீங்கள் போட்ட வளைவு நெளிவெல்லாம் அப்படியே வந்திருக்கிறது, ரொம்ப நன்றிக்கா என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆக, அதுவும் ட்ராக்காகவே போயிற்று. தன் வீட்டில், தன் ஸ்டூடியோவில், முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து அவள் இன்னொருத்திக்கு ட்ராக் பாடிக் கொடுத்திருக்கிறாள்.

சரிங்க சார், சந்தோஷம் என்று சொல்லி வைத்தாள். இவன் என்ன என்று கேட்டதற்கு, பாட்டு முடிஞ்சிருச்சாம் என்றாள்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, கூட்டமில்லாத ஒரு மத்தியானம், கடைக்கு ஒரு வயசானவர் வந்தார். முதுகு சாய்த்துக்கொள்கிற நாற்காலி வேண்டும், பிடியை எப்படி இழுப்பது என்று தெரியவில்லை, நீயே உட்கார்ந்து காட்டு என்றார். இவன் தயங்கினான். வாடிக்கையாளர் சொல்லைத் தட்டக் கூடாது என்பதும் மேனேஜர் போட்ட சட்டம்தான். உட்கார்ந்தான். பிடியை இழுத்ததும் முதுகு சாய்ந்து கால் உயர்ந்தது. இத்தனை வருஷத்தில் கடைச் சாமானில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து மாடியின் அந்தக் கோடியிலிருந்து மேனேஜர், "தேக்கு, எங்கய்யா இருக்க?" என்று கூப்பிட்டார். இவன் பதறி, இதோ இருக்கேன் சார் என்று கத்தினான். மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். இவன் இன்னும் பலமாகக் கத்தினான். வயிறு மடிந்து கிடந்தது, நெஞ்சு மெத்தைக்குள் இருந்தது, சத்தம் தொண்டையிலேயே தங்கிவிட்டது. மூன்றாவது தடவையும் மேனேஜர் காதில் விழவில்லை. தட்டுத் தடுமாறி எழுந்து நின்று, "சார்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். மாடி முழுக்கக் கேட்டது.

இவன் மறுபடி உட்கார்ந்தான். வயசானவர் இவனை ஒரு மாதிரி பார்த்தார். உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை சார் என்றான். எழுந்து நின்று ஒரு தடவை சார் என்றான். மேனேஜர் எதிரே வந்து நின்று, என்னய்யா, வெயில்ல மண்டை காஞ்சிருச்சா என்று கேட்டார். இவனுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினான்.

வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எதிரே போய் நின்றான்.

"நீ நின்னு பாடியிருந்தா அந்த இடம் வந்திருக்கும்ல?"

அவள் கையிலிருந்த சோப்பு நுரையைப் பார்த்தாள். "வந்திருக்கும்."

"உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நீங்க கடைக்குப் போனப்புறம் இங்க நின்னு பாடிப் பார்ப்பேன். பளிச்சுனு வரும்."

"அப்ப வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு? மேஜை மேஜையா மாத்திக்கிட்டு இருந்தேனே, கிறுக்கன் மாதிரி."

"நின்னுதான் பாடுவேன்னு சொன்னேன். உங்க காதுல விழல. அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தேன். அந்தச் சேரைப் பார்த்துப் பார்த்து அப்படிச் சிரிச்சீங்க. அதை எப்படிங்க வேணாம்னு சொல்றது? போகப் போக உக்காந்தே வந்துரும்னு நினைச்சேன்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்புறம் நீங்க வயசாயிருச்சுன்னு சொன்னீங்க. அதையும் நம்பிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் இங்க நின்னு பாடிப் பார்த்தேன். இங்கயும் வரல."

குரல் உயர்த்தாமல்தான் சொன்னாள். குத்திக்காட்டுகிற பேச்சே அவளுக்கு வராது. காய்கறிக்காரன் எடையில் ஏமாற்றிவிட்டான் என்பதை அவள் எப்படிச் சொல்வாளோ, அப்படித்தான் இதையும் சொன்னாள். அவள் ஒரு பாட்டம் திட்டியிருந்தால் இவன் பிழைத்திருப்பான்.

அன்றைக்கே மைத்துனனை வரச் சொன்னான். ரெண்டு பேருமாக அந்த ரூமைக் காலி செய்தார்கள். வளைந்த மேஜையைக் கழற்றி வெளியே தூக்கினார்கள். சோபாவை நிமிர்த்தி வாசல் வழியாகத் திருப்பித் திருப்பி இழுத்தார்கள். நாற்காலியை இவன் தனியாகவே உருட்டிக்கொண்டு போய் மாடிப்படிக்கு அடியில் தள்ளினான். திரையைப் பிய்த்து எறிந்தான். மைக்கை மட்டும் ஒரு நிற்கிற கம்பியில் மாட்டி, ரூமுக்கு நடுவில் வைத்து, அவள் உயரத்துக்கு ஏற்றினான். அவசரத்தில் திருகாணி இரண்டு தடவை கழன்று விழுந்தது.

"இப்ப வா. வந்து நில்லு. அவங்களுக்கு இல்ல, நமக்குத்தான். ஒரே ஒரு தடவை பாடு."

அவள் முடியாது என்று சொல்லவில்லை. வந்து நின்றாள். காலை அகட்டி, தோளைத் தளர்த்தி, ஸ்டூடியோவில் நிற்கிற மாதிரியே நின்றாள். இவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். அவள் பாட ஆரம்பித்தாள். காலி ரூமில் அந்தக் குரல் சுவரெல்லாம் பட்டு நிறைந்தது. மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். இவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. குரல் எங்கேயும் போகவில்லை, அப்படியே இருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மெட்டு அந்த இடத்தை நெருங்கியது. அவள் கண்ணை இறுக்கி மூடினாள். நாற்காலியின் கை அங்கே இல்லை, ஆனால் விரல்கள் அதைத் தேடிப் பிறாண்டின. தோள் தானாக ஏறிற்று. குரல் மேலே போய், அதே இடத்தில், அதே மாதிரி உடைந்தது.

அவள் மறுபடி பார்க்கவில்லை. மைக்கிலிருந்து ஒரு எட்டு பின்னால் வந்தாள்.

இவன் ஏதேதோ சொன்னான். தினம் பழகினால் வந்துவிடும் என்றான். டாக்டரைப் பார்க்கலாம் என்றான். அன்றைக்கு அறிவுகெட்டுப் பேசிவிட்டேன், அதை மறந்துவிடு என்றான். தன் நாக்கில் சூடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ட்ராக் பாடக் கூப்பிடுகிறவர்களிடம் அவள் முன்பே, தொண்டை சரியில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டாள் என்பது மைத்துனன் சொல்லித்தான் இவனுக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் வேலை செய்யும்போது முணுமுணுக்கிற பாட்டுகூட அவள் வாயில் வருவதில்லை.

மேஜையும் சோபாவும் கடைக்கே திரும்பிப் போயின. நாற்காலியை எடுக்க மாட்டேன் என்றார் மேனேஜர், அதன் கையில் நகக் கீறல் இருக்கிறதாம். அது இன்னமும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை. இவன் வழக்கம்போலக் கடையில் போய் நிற்கிறான்.

ஒரு விடுமுறை நாள். இவன் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சின்ன ரூமுக்குப் போய் நின்றுகொண்டிருந்தான். அவள் ஈரத்துணி வாளியோடு வாசலில் வந்து நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். திரை போனதால் வெளிச்சம் தரையில் பாதிக்குமேல் விழுந்திருந்தது.

"இங்க நல்லா வெயில் வருதுங்க. ஒரு கொடி கட்டிக் குடுத்தீங்கன்னா துணி காயப்போட்டுக்குவேன்."

இவன் போய்க் கயிறும் ஆணியும் வாங்கி வந்தான். ஸ்டூலில் ஏறி இரண்டு சுவரிலும் ஆணி அடித்தான். கயிற்றின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, இவன் மறுமுனையை இழுத்துக் கட்டினான். அவள் வாளியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து உதறிப் போட்டாள். ரூமை அது இரண்டாகத் தடுத்தது. அந்தப் பக்கம் அவள் அடுத்த துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.